மண்டபத்துக்குப் பின்னால் ஒரு ஏக்கர்

கலையரசிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவளுடன் ஒரகடம் தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்பவர்களுக்கு அது தெரியும். கல்யாண மண்டப மேனேஜர் வேணுகோபாலுக்குத் தெரியவில்லை.

திருப்பருத்திக்குன்றம் சாலையை ஒட்டிய அவளுடைய காலனிக்கு, அவள் பள்ளியில் படித்த காலத்தில் அரசாங்கம் ஒரு ஏக்கர் ஒதுக்கியது. நிலமே இல்லாத இருபத்துநாலு குடும்பங்கள் ஆளுக்கொரு துண்டில் காய்கறி பயிரிடலாம். நடுவில் பொதுக் கிணறு. பத்து வருடம் நன்றாக விளைந்தது. பிறகு மோட்டார் திருடுபோனது, ஆட்கள் கம்பெனி வேலைக்குப் போனார்கள், நிலத்தை முள் மூடியது. பக்கத்தில் மண்டபம் வந்ததும் குப்பையும் சேர்ந்தது. வாழை இலையென்றாலாவது மக்கும். விழுந்ததெல்லாம் பிளாஸ்டிக் பூசிய காகித இலை.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது அங்கே புதுப் பலகை நின்றது: 'மண்டப வாகனங்கள் நிறுத்துமிடம்.'

திங்கட்கிழமையே ஒதுக்கீட்டு ஆணையுடன் தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனாள்.

"யாரும் பயிர் வைக்கலியேம்மா. சும்மா கிடந்தா அப்படித்தான்" என்றார் அதிகாரி.

"குப்பையை அள்ளச் சொல்லி மூணு வருஷமா மனு குடுத்துக்கினு இருக்கோம் சார். குப்பை மேல இன்னாத்த பயிர் வைக்கிறது?"

"முதல்ல விவசாயம் நடக்குதுன்னு காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்."

முதல் ஞாயிற்றுக்கிழமை அவளோடு கடப்பாரை எடுத்தவர்கள் இரண்டே பேர்: பக்கத்து வீட்டுத் தேவகி, ஆட்டோ ஓட்டும் தர்மன். நாலாவது ஞாயிறு ஒன்பது குடும்பங்கள் வந்தன. முள்ளை வெட்டினார்கள், கிணற்றைத் தூர்வாரினார்கள், கீரையும் வெண்டையும் போட்டார்கள்.

கீரை விரல் உயரம் வந்திருந்தபோது ஒரு முகூர்த்த நாள். காலையில் நான்கு வேன்கள் பாத்திகளின் மேல் நின்றன. வரப்போரம் புதிதாகப் பன்னிரண்டு குப்பை மூட்டைகள்.

"கீரைதானேம்மா? திரும்ப முளைக்கும்" என்றான் வேணுகோபால், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூட்டைகளை மண்டப வாசலிலேயே கொட்டக் காலனிப் பெண்கள் தூக்கிவிட்டார்கள். வாசலில் மணப்பெண் மாலையோடு நின்றிருந்தாள். கலையரசி கையை நீட்டித் தடுத்தாள்.

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சு? அவங்கள்லாம் கிளம்பட்டும்" என்றாள், பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

மூன்று மணிக்குக் கடைசி வேனும் போயிற்று. பன்னிரண்டு மூட்டைகளையும் முன்வாசல் வழியாகவே சுமந்துபோய், மேனேஜர் அறையில், குளிர்சாதனத்துக்கு நேர் கீழே கொட்டினார்கள். வேணுகோபால் நாற்காலி மேல் ஏறிக்கொண்டு போலீஸைக் கூப்பிட்டான்.

வந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் கலையரசி ஆணையையும், நசுங்கிய பாத்திகளின் படங்களையும் நீட்டினாள். அவர் இரண்டுமுறை படித்தார்.

"இவங்க இடத்துல நீ எப்படிப்பா பலகை வெச்ச?"

வேணுகோபால் நாற்காலியிலிருந்து இறங்கினான். பொழுது சாயுமுன் பலகை இறங்கியது. அதன்பிறகு அங்கே ஒரு மூட்டைகூட விழவில்லை.

வெண்டை காய்த்ததும் அந்த அதிகாரியே கேமராக்காரரோடு வந்தார். கலையரசியைப் பூவாளியோடு நிற்கச் சொன்னார்.

"நாங்க கூப்பிட்டப்போ வராதவங்களுக்கு இப்ப இன்னா சார் படம்? மோட்டார் எப்ப வரும், அத்த சொல்லுங்க" என்றாள் அவள்.

அவர் சிரித்து மழுப்பினார். தேவகியும் நிற்க மறுத்தாள். கடைசியில் அவர் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்.

இன்றைக்குப் பதினைந்து துண்டுகளில் பயிர் இருக்கிறது, ஒன்பதில் இன்னும் முள். தண்ணீரைக் கயிறு போட்டுத்தான் இறைக்கிறார்கள். மோட்டார் கேட்டுக் கலையரசி எழுதிய மனுக்கள் இதுவரை ஆறு.