சர்வே எண்ணில் ஒரு சாய்கோடு

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாலையை அகலப்படுத்த எங்கள் வீட்டையும் அளந்து கல் ஊன்றியிருந்தார்கள். ஆட்சேப மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மனுவோடு பட்டா நகல் வேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு தல்லாகுளத்தில் ஒரு கணினி மையத்துக்குப் போனேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர். அதே சாலையில் மேற்கே அவருக்குத் தோட்டம், கிணறு போகப்போகிறதாம். பத்திரத்தை விரித்தார்.

“தம்பி, இதுல இருக்கபடியே அடிங்க. ஒரு கோடு, புள்ளி மாறக் கூடாது.”

எங்கள் பக்கம் பத்திரம் என்றால் அப்படித்தான். ஒரு கோடு பிசகினால் நிலமே கைமாறிவிடும் என்று பயம். மையத்துக்காரர் சர்வே எண்ணை, நடுவிலிருந்த சாய்கோட்டோடு அப்படியே அடித்தார். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது திரை. மறுபடி அடித்தும் இல்லை. பெரியவர் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எங்கள் எண்ணும் இல்லையாம்.

“அப்ப நான் இம்புட்டு வருசமா யாரு வீட்டு வாசலத் தெளிக்கிறேன்?” என்று அம்மா கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன் நான். பல தேடல் பெட்டிகள் கோடு, அடைப்புக்குறி எதைக் கண்டாலும் குழம்பிவிடும், எடுத்துவிட்டுத் தேடுங்கள் என்று மாணவர்களிடம் வாய் வலிக்கச் சொல்கிறவன். சாய்கோட்டுக்குப் பதில் இடைவெளி விடச் சொன்னேன். அப்பா பெயரோடு பட்டா வந்தது.

“ஆமாண்ணே, கோடு போட்டா வராது,” என்றார் மையத்துக்காரர், டீயை உறிஞ்சியபடி.

அவருக்குத் தெரிந்திருக்கிறது! பத்திரத்தில் அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தது சர்க்கார் ஆபீஸ். அதைப் படிக்கத் தெரியாத பெட்டியை வைத்ததும் ஆபீஸ்தான். ‘கோடு போடாதீர்கள்’ என்று மேலே ஒரு வரி எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. ‘இல்லை’ என்று எழுத மட்டும் வந்திருக்கிறது. அவரையும் ஆபீஸையும் சேர்த்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஆத்திரம் தீர வெகு நேரமாயிற்று.

திட்டி ஓய்ந்த பிறகு அம்மா கேட்டாள்: “ஏய்யா, அந்தப் பெரியவருக்கும் கோடு இருந்துச்சுல்ல?”

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். ஆளைக் காணோம். அங்கிருந்த டீக்கடைக்காரரிடம் அடையாளம் சொன்னேன்.

“இப்பத்தாண்ணே பஸ் ஏறுனாரு,” என்றார். “அம்புட்டு நேரமும் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தாரு.”