கறுப்பனுக்கு வைத்தியம் பார்த்த மேரியக்கா

சுரங்கத்தில் காலை ஷிப்ட் முடிந்து ஊரிகத்தில் உள்ள தொழிலாளர் லைன் வீட்டுக்கு வந்தேன். எங்கள் நாய் கறுப்பனின் தொடைப் புண்ணில் சீழ் வடிந்துகொண்டிருந்தது.

"சாயங்காலம் வருவேன். இப்படியே இருந்தா சுட்டுடுவேன்" என்றார், நோய் பிடித்த நாய்களைச் சுடும் லைன் காவல்காரர்.

எதிர்வீட்டு மேரியக்கா சுரங்க ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி துவைப்பவர். கறுப்பன் அவர் கோழியைத் தின்றதிலிருந்து எங்களோடு பேச்சில்லை. அவரே கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரோடு வந்து நின்றார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? வாயக் கட்டிப் புடி."

புண்ணைச் சுற்றி முடியைக் கத்தரித்து, சீழ் போகக் கழுவி, சுத்தத் துணியால் ஒற்றினார். கறுப்பன் உறுமியும் அவர் நிறுத்தவில்லை.

காவல்காரர் திரும்பி வந்ததும் மேரியக்கா எங்கள் வாசலை மறித்தார்.

"நான் வைத்தியம் பாத்துக்கினு கீறேன், போங்க."

காவல்காரர் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தெனம் ரெண்டு வேள கழுவு, நக்க வுடாத" என்று எனக்கு மேரியக்காவின் உத்தரவு.

நக்காமல் தடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மேரியக்காவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.