அண்ணனுக்குக் கிடைத்த ரெசிதான்ஸ்

சொல்தா பெரியப்பா எங்கள் வாசலில் நின்று அண்ணனின் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அண்ணனின் விரல்களில் நீலச் சாயம் காய்ந்திருந்தது. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களைக் காரைக்காலில் சொல்தா என்போம். எங்களுக்கு உறவு ஒன்றும் இல்லை, பக்கத்து வீடு, அவ்வளவுதான். ஆனால் தெருவில் பிரெஞ்சு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். புதுச்சேரியிலிருந்து ஜீப்பில் வந்த வெள்ளைக்காரர் அண்ணனோடு இங்கிலீஷில் பேசிவிட்டுக் கிளம்பியதும், தெருவுக்கே கேட்கும்படி பெரியப்பா கத்தினார்: "ரெசிதான்ஸ் குடுத்துட்டாண்டா! நம்ம டிராயிங் வாத்தியாருக்கு ரெசிதான்ஸ்!"

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பிரான்சிலேயே தங்கி வாழ அனுமதி. பிரெஞ்சுக்காரன் போனபோது, எந்த நாட்டுக் குடிமகனாக இருக்கிறாய் என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். பிரான்சு என்று போட்டவர்கள் வீட்டில் பென்ஷனும் பாரீசுச் சாமானும் வந்து இறங்கின. எங்கள் அப்பா போடவில்லை. "உங்கப்பன் ஒரு கையெழுத்து போட்டிருந்தா..." என்று அம்மா ஆரம்பிக்காத நாள் கிடையாது. அப்பா செத்த பிறகும் அவரை விடவில்லை.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். விடிந்ததும் காரைக்கால்மேட்டுக்குப் போய், மீன் ஏலம் நடக்கும் மணலில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பான். அந்தப் படங்களைப் புதுச்சேரியில் யாரோ பார்த்துத்தான் அழைப்பு வந்தது. பல தேசத்து ஓவியர்களை வரவழைத்து, பிரான்சில் ஒரு துறைமுக ஊரில் இருந்த வீட்டில் ஆறு மாதம் தங்கவைத்து வரையச் சொல்வார்களாம். அதற்குத்தான் அவர்கள் ரெசிதான்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அண்ணன் எத்தனையோ முறை சொன்னான். "அம்மா, ரூமு, சாப்பாடு, சாயம் எல்லாம் அவங்க குடுப்பாங்க. ஆறு மாசம் படம் போடணும். முடிஞ்சதும் அனுப்பிடுவாங்க."

"படம் போடறதுக்கு எவனாச்சும் வீடு குடுத்து சோறு போடுவானாடா? யாருகிட்ட கதை விடறே?" என்றாள் அம்மா. பெரியப்பாவிடம் போனான். "சைகோன்ல வெள்ளக்காரனோட சாப்புட்டவன் நான். எனக்கா நீ பிரெஞ்சு சொல்லித் தர்றே?" என்று அவர் விரட்டிவிட்டார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அண்ணன் மறுக்க மறுக்க, பையன் கெட்டிக்காரன், கண் பட்டுவிடும் என்று மறைக்கிறான் என்றார்கள்.

அந்தப் பேச்சின் மேல்தான் என் கல்யாணம் நின்றது. நெரவியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை. "மச்சான் போனதும் மாப்பிள்ளைய அழைச்சுக்கணும், அது ஒண்ணுதான்" என்றார்கள். மாதா கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்பே அண்ணன் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துப்போய் உள்ளதைச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே, "மச்சான் ரொம்ப உஷாரு" என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாராம். மெக்கானிக் வேலை பார்க்கிறவர், எந்த வண்டியையும் ஓட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். இதை மட்டும் அப்படியே நம்பினார்.

கல்யாணம் முடிந்து அண்ணன் விமானம் ஏறினான். மாமியார் வீட்டில் காப்பி கொடுக்கும்போதும் கேட்பார்கள், சோறு போடும்போதும் கேட்பார்கள்: "ஒங்கண்ணன் என்ன சொன்னாரு?" மாதங்கள் போகப் போகக் கேள்வி நின்று முகம் மாறியது. கடைசியில் வயிற்றுப் பிள்ளையோடு என்னை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார் அவர். "மச்சான் கூப்புடட்டும். அப்புறம் வந்து அழைச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அடுத்த தெரு மரைக்காயர் வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. அண்ணன் பேசுகிறான் என்று ஆள் வந்து சொல்ல, நானும் அம்மாவும் ஓடினோம். வேலை முடியப்போகிறது, அடுத்த வாரம் வந்துவிடுவேன் என்றான். அம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளை வருகிறேன் என்கிறான், இவள் வெளிறிப்போய் நிற்கிறாள். "வராதப்பா" என்றாள். "நீ திரும்பி வந்தா இவ வாழாவெட்டிதான். எப்படியாச்சும் அங்கயே இருந்துடுப்பா. வராதடா சாமி."

நான் கையை நீட்டினேன், வந்துடுண்ணா என்று ஒரு வார்த்தை சொல்ல. அம்மா போனைக் கொடுப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மரைக்காயர் வீட்டம்மா, "ஒக்காரு புள்ள, மாசமா இருக்கே" என்று முக்காலியை இழுத்துப்போட்டார்.

அண்ணன் அந்த ஓவியர் வீட்டிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வெளியேறினான். அதே துறைமுக ஊரில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவினான். போலீசைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிக்கொள்வான். வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது. அதனால் அம்மா செத்தபோதும் வரவில்லை. சில வருடம் கழித்து எப்படியோ அவனுக்குக் காகிதம் கிடைத்தது, நிஜமான ரெசிதான்ஸ். பிறகு என் கணவரை அழைத்துக்கொண்டான். எண்பதுகளின் நடுவில் நானும் மகளும் போய்ச் சேர்ந்தோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்று நெரவியில் பெருமையாகப் பேசிக்கொண்டார்களாம். அவன் சொல்லாத சொல் அது.

நான் போன புதிதில், அண்ணன் தங்கியிருந்த அந்த ஓவியர் வீட்டைப் பொதுமக்கள் பார்க்கத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனைக் கூப்பிட்டேன். "அந்தத் தெருப் பக்கம் நான் போறதில்லம்மா" என்றான். கணவரை வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

வந்து தங்கியவர்களின் படங்கள் கூடத்தில் தொங்கின. மூலையில் ஒரு பெரிய படம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, காரைக்கால்மேட்டு ஏலம். கூடைகள், ஈர மணல், ஏலத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் பெண்கள். ஒருத்திக்கும் முகம் இல்லை. முகத்தைக் கடைசியாக வரைவதுதான் அவன் பழக்கம். கடைசி வாரம் அவனுக்கு வாய்க்கவில்லை.

பொறுப்பாக இருந்த வெள்ளைக்கார அம்மாள் அருகில் வந்து நெடுநேரம் பேசினாள். கணவர் தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னார்: "இதப் போட்டவரு முடிக்காமயே ஓடிட்டாராம். அதுலேருந்து நம்ம பக்கத்து ஆளுங்க யாரையும் இவங்க கூப்புடறதில்லையாம்." அவள் மறுபடி ஏதோ கேட்டாள். அவர் உடனே தலையாட்டி, "நோன், நோன்" என்றார்.

"என்ன கேட்டாங்க?"

"இவரத் தெரியுமான்னாங்க. தெரியாதுன்னுட்டேன். நமக்கு எதுக்கு வம்பு?"

நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது எங்க அண்ணன் போட்டதுங்க. அவரு ஓடிப்போவலிங்க, எங்க அண்ணன்ங்க" என்று தமிழிலேயே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். படம் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் போல. என் கையைத் தட்டிக்கொடுத்து, "மெர்சி மதாம்" என்று நன்றி சொல்லிவிட்டு அடுத்தவர்களிடம் போய்விட்டாள்.