தீவுக்குப் பதிலாக என்ன கொடுத்தார்கள்?

கோத்தகிரியிலிருந்து பெரியப்பா முதன்முறையாக இலங்கைக்கு, எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருந்தபோது, அவரும் அப்பாவும் ஒரு தீவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். கரவனெல்லவுக்கு மேலே, இறப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டு வரிசையிலிருந்து கடல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று முடிவுசெய்திருந்தன. அந்தக் கணக்கில் பெரியப்பா தன் பெற்றோருடன் இந்தியா போனார். சிறுவனாக இருந்த அப்பா, இலங்கைக் கணக்கில் வந்த தன் அத்தையின் வீட்டில் தங்கிவிட்டார். அதன்பின் அண்ணன் அவருக்கு முதலில் கடிதமாகவும் பிறகு தொலைபேசிக் குரலாகவும் மட்டுமே இருந்தார். அதனால் பெரியப்பா வந்த முதல் சில நாட்கள் அப்பா என்னைக்கூட அவர் பக்கத்தில் உட்காரவிடவில்லை. அந்த இடம் அப்பாவுக்கே வேண்டியிருந்தது.

சண்டை தொலைக்காட்சிச் செய்தியில் தொடங்கியது. கச்சதீவுப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து மீன்பிடிக்க வந்தவர்களை இலங்கைக் கடற்படை பிடித்திருந்தது.

"நம்ம தீவுல நம்ம ஆளயே புடிக்கிறானுங்க. அன்னைக்கு யாரையும் கேக்காம தூக்கிக் குடுத்துட்டாங்க" என்றார் பெரியப்பா.

"தூக்கிக் குடுக்க அது என்னா ஒங்களோடதாண்ணே? எங்களோடது."

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வாசலில் நின்று சிரித்தார். "ரெண்டு பேரும் கீழ ஓடுற ஓயாவுல முழங்கால் தண்ணிக்கே பயப்புடுற ஆளுங்க. இதுல கடலு வேற! பெரிய மச்சான், ஒங்கள அங்க சிலோன்காரன்னு தானே கூப்புடுறாங்க?"

பெரியப்பாவின் குரல் உயர்ந்தது. அப்பாவின் குரலும் உயர்ந்தது. கடைசியில் அப்பா சொன்னார்: "விருந்தாளியா வந்தா விருந்தாளியா இருங்க."

"விருந்தாளியா? இந்தக் காம்பராவுல பொறந்தவன்டா நான்!"

மறுநாள் காலை பெரியப்பாவின் பை கட்டிவைக்கப்பட்டிருந்தது. அவர் ஊர் திரும்ப இன்னும் நாட்கள் இருந்தும், கொழும்புக்குப் போய் அங்கேயே தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மழை பெய்ததால் அன்று இறப்பர் மரங்களில் பால் வெட்டு இல்லை. அப்பா வீட்டில்தான் இருந்தார். ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா ரொட்டியைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மாமா ஆட்டோ கூப்பிடப் போகாமல் மழையைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவின் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்து, இரவு முழுதும் வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டேன். அந்தத் தீவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

"யாருமே இல்ல பாப்பா. ஒரு கோயிலு மட்டும் இருக்காம். குடிக்கத் தண்ணிகூட இல்லயாம்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"தலைமன்னார்ல கப்பலேறி அந்தக் கடல்லதான் போனேன். ஆனா முன்னுக்கு என்னா இருந்துச்சின்னு தெரியாது. பின்னுக்கே பாத்துகிட்டு நின்னேன்."

அப்பாவின் முதுகு அசைந்தது.

அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியமானது. எங்கள் வகுப்பில் ஒரு பென்சிலைக் கொடுத்தால், ஒரு ஸ்டிக்கராவது வாங்காமல் யாரும் விடமாட்டார்கள். ஒரு முழுத் தீவு!

"அப்ப, தீவ வாங்கிட்டு நாங்க பதிலுக்கு என்னா குடுத்தோம்?"

பதில் சுவர்ப் பக்கமிருந்து வந்தது.

"ஒங்க பெரியப்பாவ குடுத்தோம்."

ரொட்டிச் சத்தம் நின்றது. பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நஷ்டம் யாருக்குடா?"

"எனக்குத்தாண்ணே."

பெரியப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் ஏன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பெரியப்பா அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மாமா ஆட்டோ கூப்பிடவில்லை.

தீவு ஒரு ஒப்பந்தம், நாங்கள் வேறு ஒப்பந்தங்கள், ஒன்றுக்கு ஒன்று விலையென்று எந்தத் தாளிலும் இல்லை என்பதையெல்லாம் பின்னாளில், நில அளவையியல் படிக்கும்போது தேடித் தெரிந்துகொண்டேன். அன்று அப்பா சொன்னதை அப்படியே நம்பினேன்.

அதனால் விசா முடிந்து பெரியப்பா கிளம்பிய நாளில், விமான நிலையக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அப்பாவின் சட்டையை இழுத்து எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். அந்தத் தீவில்தான் ஆளே இல்லையே, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியப்பாவை நாமே வைத்துக்கொள்ளலாம். யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும் என்று நினைத்து, அவர் சொல்லக் காத்திருந்தேன்.