இரண்டு அம்மாக்களின் சிலை

எங்கள் நகராட்சிப் பூங்காவில், வாசலுக்கு வலப்பக்கம், தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் நிற்கிறாள். அந்தச் சிலைக்கு முகம் கொடுத்தவள் என் அம்மா. ஆனால் பீடத்துக் கல்லில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ‘தாயின் நினைவாக ஒரு மகன் இந்நகருக்கு அளித்தது’ என்று மட்டும் வெட்டியிருக்கிறது. அந்த மகன் என் தம்பி இல்லை.

நான் ஜவ்வாதுமலையில் பிறந்தவள். செவிலியர் படிப்பு முடித்து, மலைக்குக் கீழே இருக்கும் இந்த ஊரின் அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம், குழந்தை எல்லாம் இங்கேதான். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா மலையிலேயே தம்பியோடும் அவன் பெண்டாட்டியோடும் இருந்தாள். கொஞ்சம் நிலத்தில் சாமை விதைப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் புளியமரங்கள் உண்டு. புளி உலுக்கும் காலத்தில் அம்மாவே சந்தைக்கு எடுத்துப் போய் விற்பாள்.

நகரை அழகுபடுத்த நினைப்பவர்கள் தங்கள் செலவில் சிலையோ சுவரோவியமோ செய்து தரலாம் என்று நகராட்சி அறிவித்திருந்த சமயம் அது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், தன் அம்மாவுக்கு ஒரு சிலை வைக்க ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார். தனி ஒருவரின் சிலை பொது இடத்தில் கூடாது, மத அடையாளமும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில், விறகு சுமக்கும் ஒரு மலைப்பக்கத்துப் பெண் என்று பொதுவாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று முடிவானது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விவரம். அன்றைக்குத் தெரிந்தது, அம்மா தம்பியின் போனில் கூப்பிட்டுச் சொன்னது மட்டும்தான்.

“ஏண்டி, சந்தைல ஒருத்தரு என்னப் பாத்துட்டு, என்ன மாதிரியே செல செய்யணுங்கறாரு. நான் இன்னா சாமியா?”

“யாரும்மா அவரு?”

“செல செய்யறவராம். தாடி வெச்சிக்கினு கீறாரு. நல்லாத்தான் பேசறாரு. உங்க ஊர்லதான் பட்டறையாம். உன்னையும் கொழந்தையையும் பாத்தாப்ல இருக்கும். வரட்டா?”

எனக்கு அவள் வந்தால் போதும் என்று இருந்தது. “வாம்மா” என்றேன்.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்குச் சிலை செய்தால் ஆயுசு குறையும் என்று ஊரில் யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பையில் புடவையும் இன்னொரு பையில் என் மகளுக்குச் சீத்தாப்பழமும் எடுத்துக்கொண்டு மலை பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டாள்.

காலையில் அவளைப் பட்டறையில் விட்டுவிட்டு நான் டியூட்டிக்குப் போவேன். முடிந்ததும் நேராக அங்கே வருவேன். விறகுக்கட்டைத் தலையில் வைத்து அவள் நிற்க, சிற்பி களிமண்ணில் உருவத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். அம்மாவால் பேசாமல் இருக்க முடியாது. தம்பி பெண்டாட்டி குழம்பு வைக்கும் அழகு, காட்டுப்பன்றி வந்து நிலத்தைக் கிளறியது என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

“அம்மா, கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு நில்லுங்கம்மா. உதடு ஆடுது” என்று அவர் கெஞ்சுவார்.

“சரி சாமி, மூடிக்கிறேன்” என்பாள். அடுத்த மூச்சிலேயே, “உனக்கு எத்தினி பசங்க?” என்று கேட்பாள்.

களிமண் உருவம் முடிந்த அன்று அம்மா அதன் எதிரே போய் நின்றாள். கன்னத்தை விரலால் தொட்டாள். “ஏ, எங்கம்மா மாதிரியில்ல கீது!” என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. தன் அம்மாவைப் பற்றி அவள் அதற்கு முன் என்னிடம் அதிகம் பேசியதில்லை. அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையேதான் பேசினாள்.

அச்சு எடுத்து, சிமெண்டில் வார்த்து, கருப்பு நிறம் பூசி, பொங்கல் முடிந்து பூங்காவில் வைத்தார்கள். கமிஷனர் வந்து துணியை விலக்கினார். யாரைப் பார்த்துச் செய்தது என்று எவரும் மேடையில் சொல்லவில்லை. அம்மா அதை எதிர்பார்க்கவும் இல்லை. என் பக்கத்தில், கூட்டத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“நானாச்சும் அன்னன்னிக்கி எறக்கி வெச்சிட்டு வூட்டுக்கு வந்துட்டேன். பாவம், இவளுக்கு யாருடி எறக்கி வெப்பா?” என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மத்தியான பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிட்டேன்.

அந்த வருடம் ஆவணி மழையில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தம்பி போன் செய்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறோம் என்றான். நான் அவசரப் பிரிவில் கட்டிலைத் தயார் செய்தேன். விரிப்பை மாற்றினேன். டாக்டரிடம் சொல்லிவைத்தேன். பிறகு வாசலில் போய் நின்றேன். மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். இப்போது இங்கே வந்திருப்பார்கள், இப்போது இங்கே என்று மனதுக்குள் அந்த வண்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். வண்டி வந்து கதவைத் திறந்ததும் நான்தான் முதலில் நாடி பார்த்தேன். இல்லை. டாக்டர் வந்து சொல்வதற்கு முன்பே தம்பி என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

மலைக்கே எடுத்துப் போனோம். எல்லாம் முடிந்து திரும்பும் வழியில் அவன் கேட்டான்.

“செலக்கி நிக்க வெச்சியே, இப்ப நிம்மதியா உனக்கு?”

“நான் இன்னா பண்ணேன்டா? அம்மாதான வர்றேன்னா?”

“நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருக்குமா?”

நெஞ்சுவலிக்குக் காரணம் என்ன என்று அவனுக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். நான் செவிலி, தினமும் மற்றவர்களுக்குச் சொல்வதுதான். அதன்பிறகு அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

காரியத்துக்குப் படம் வைக்க வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடினோம். அம்மாவுக்கு ஒரு நல்ல போட்டோ இல்லை. என் கல்யாணப் படத்தில் அவள் யார் தோளுக்கோ பின்னால் பாதி மறைந்திருந்தாள். கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததை ஸ்டுடியோவில் பெரிதாக்கி வாங்கினோம். அதில் அம்மா எதற்கோ பயந்தவள் போல முழித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்குச் சிலையின் நினைவு வந்தது. ஆனாலும் போகவில்லை. மருத்துவமனைக்குப் பூங்கா வழியாகப் போவதுதான் கிட்டம். நான் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

நவம்பரில் ஒருநாள் காலை, மார்க்கெட் தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்ததால் பூங்கா வழியே போக வேண்டியதாயிற்று. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சிலையைச் சுற்றி ஒரு குடும்பம் நின்றிருந்தது. கிறிஸ்தவர்கள் இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள் அது. மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு விசித்திரமாகப் பட்டது என்னவென்றால், அவர்கள் நின்றது சிலைக்கு முன்னால் இல்லை, பின்னால். மெழுகுவத்திகளும் பூக்களும் சிலையின் கால்களுக்குப் பின்பக்கம் இருந்தன. என் கால்கள் தாமாகவே உள்ளே போய்விட்டன. நான் முன்பக்கம் நின்று, இத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

ஜெபம் முடிந்து ஒரு பெரியவர் கைத்தடியோடு என் பக்கம் வந்தார். ஹார்டுவேர் கடைக்காரர்.

“யாரும்மா நீங்க? ஏன் அழுவுறீங்க?”

“இது எங்கம்மாங்க.”

அவர் மகன் குறுக்கிட்டார். “இன்னா சொல்றீங்க? இது எங்க ஆயா நெனவா அப்பா குடுத்தது.”

பெரியவர் அவரைக் கையால் அமர்த்தினார். நான் பட்டறை, விறகுக்கட்டு, ஆவணி மழை எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொன்னேன். அவர் கேட்டு முடித்து, சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

“எனக்கு அமிர்தி பக்கம் ஊரும்மா. எங்கம்மா காட்டுல வெறகு பொறுக்கித் தலையில வெச்சிக்கினு எறங்குவாங்க. நான் சின்னப் புள்ள, பின்னாடியே ஓடுவேன். அவங்க சாகும்போது எனக்கு வெவரம் தெரியாத வயசு. மொகம் நெனப்புல இல்ல. போட்டோ கெடையாது. பொதச்ச எடம்கூட இப்பத் தெரியல. பின்னாடியே ஓடினேன் பாருங்க, அந்தக் குதிகாலு மட்டும்தான் நெனப்பிருக்கு. வெடிச்சி, அதுல மண்ணு ஏறி இருக்கும். செல செய்யறவர்கிட்ட அத மட்டும் சொன்னேன். மொகத்துக்கு நீங்களே யாரயாச்சும் பாத்துக்குங்கன்னேன்.”

அதுவரை நான் சிலையின் பின்பக்கம் போனதே இல்லை. போய்ப் பார்த்தேன். மெழுகுவத்திகளுக்கு நடுவே அந்தக் குதிகால்களின் வெடிப்புகள் ஆழமாகத் தெரிந்தன.

“உங்கம்மா எப்டிம்மா பேசுவாங்க?” என்று அவர் கேட்டார். “எனக்குக் கொரலும் நெனப்பில்ல. இந்த மொகத்துக்கு ஒரு கொரல் இருந்திருக்குமில்ல?”

அம்மா போனபிறகு அவளைப் பற்றி என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. தம்பியோடு பேச்சில்லை. என் வீட்டுக்காரர் நான் அழுவேன் என்று அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். நான் டியூட்டியை மறந்து சொல்லிக்கொண்டே போனேன். அவர் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்திருக்கும்போது, “உங்கம்மா நெனவு நாளுக்கும் வந்து மாலை போடுங்கம்மா. முன்னாடி நீங்க நில்லுங்க. நான் பின்னாடி நின்னுக்கறேன்” என்றார்.

அம்மாவுக்கு வருடம் திரும்பியபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு தம்பிக்குப் போன் செய்து, சிலைக்கு மாலை போடக் கூப்பிட்டேன். நான் நினைத்ததற்கு மாறாக, வருகிறேன் என்றான். பெரியவரும் சொன்னபடி வந்திருந்தார். தம்பி சிலையை ரொம்ப நேரம் பார்த்தான். பீடத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தான்.

“எந்த மகன்? நான் வெக்கலியே” என்றான். பிறகு முகத்தைக் காட்டி, “இது அம்மா இல்லக்கா. அம்மா வாய மூடிக்கினு நின்னு நீ பாத்துக்கீறியா? இது யாரோ” என்றான்.

மாலையை என் கையில் கொடுத்துவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டான். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவன் கோபத்தில் பேசவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டு, அவள் அங்கே இல்லை என்று சொன்னான். அதுதான் என்னை உலுக்கியது.

அன்றிலிருந்து ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடி அம்மாவை நினைத்தால் எனக்குச் சிலையின் முகம்தான் வந்தது. கருப்பாக, மூடிய உதடுகளோடு. பட்டறையில் சிற்பியிடம் பேசிக்கொண்டு நின்றாளே, அந்த முகத்தை வரவழைக்கப் பார்ப்பேன். சிமெண்டு வந்து நிற்கும். முகமே நினைவில்லாத பெரியவரை நினைத்து நான் பரிதாபப்பட்டிருக்கிறேன். எனக்கு இருந்த முகத்தையும் இந்தச் சிலை வாங்கிக்கொண்டுவிட்டது.

அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அடுத்த கல்லறைத் திருநாளுக்குப் போனபோது சிலைக்குப் பின்னால் யாரும் இல்லை. கடையில் விசாரித்தேன். படுக்கையில் இருக்கிறார், யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். தவக்காலத்தில் இறந்துபோனார். அடக்கப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்கு முன்னால் அவருடைய பெரிய படம் ஒன்று பூக்களுக்கு நடுவில் இருந்தது. கலர் படம், சிரித்த முகம். வெளியே வரும்போது அவர் மகன் என்னை அடையாளம் கண்டுகொண்டு கை கூப்பினார். அவர்கள் இப்போது கல்லறைத் திருநாளுக்கு அவருடைய கல்லறைக்குத்தான் போகிறார்கள். அதுதானே முறை. பூங்காவுக்கு யாரும் வருவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூப்பிட்டேன்.

“இன்னாக்கா?”

“அம்மா மொகம் எனக்கு வரமாட்டேங்குதுடா.”

அவன் போனோடு எழுந்து வெளியே வரும் சத்தம் கேட்டது.

“சிரிச்சா எடது கண்ணு மட்டும் சின்னதாயிடும்” என்றான். “அப்பால, யாராச்சும் பொய் சொன்னா மூக்கச் சுளிக்கும். காலைல எழுந்ததும் கன்னத்துல பாயோட வரி இருக்கும். அதத் தொடச்சா போயிடும்னு தொடச்சிக்கினே இருக்கும்.” அவன் குரல் உடைந்தது. “மேல வாக்கா. போன்ல இன்னா சொல்றது?”

“வர்றேன்டா” என்றேன். கண்ணை மூடிப் பார்த்தேன். பாயின் வரி மட்டும் தெரிந்தது. கன்னம் இன்னும் வரவில்லை.