பென்னாகரம் வராத பேருந்து

“அதிரடித் தாக்குதலுக்குப் பெயர்பெற்றவர், பன்னாட்டுக் களங்களில் எதிராளிகளைக் கலங்கடித்தவர், இளைய தலைமுறையின் வெற்றிக்கு வழிகாட்டி.” மாதேஷைப் பற்றிக் குத்துச்சண்டைக் கழகம் ஒன்று கொடுத்த சான்றிதழ் இப்படிச் சொல்கிறது. அதில் அவருடைய பெயரும் பிறந்த தேதியும் சரியாகவே இருக்கின்றன.

மாதேஷ் இருபத்தாறு புரொஃபஷனல் சண்டைகள் போட்டார். இருபத்திரண்டில் தோற்றார். எதிராளிகள் யாரும் கலங்கியதாகத் தகவல் இல்லை. பலர் சண்டை முடிந்ததும் அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தருமபுரி மாவட்டத்தில் ஏரியூர்ப் பக்கம் மரவள்ளியும் ராகியும் விளைகிற மேட்டு நிலக் குடும்பம். பத்தொன்பது வயதில் பெங்களூருக்குப் போய் மார்க்கெட்டில் மூட்டை இறக்கினார். மாலையில் பொழுது போகாமல் பக்கத்துச் சந்தில் இருந்த பாக்ஸிங் கிளப்பில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை எழுப்பிக் கிளவுஸை மாட்டிவிட்டார்கள். சில வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை, சண்டைகளை ஏற்பாடு செய்யும் முதலாளி ஒருவர் அந்தக் கிளப்புக்கு ஓடிவந்தார். ஞாயிற்றுக்கிழமை மோத வேண்டியவனுக்குக் காய்ச்சல். அறுபது கிலோ எடையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். மாதேஷ் அறுபது கிலோ இருந்தார். அவருடைய தகுதி அன்றைக்கு அவ்வளவுதான்.

ஆறு சுற்றும் அடி வாங்கினார், விழவில்லை. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ‘ஒள்ளே ஹுடுகா, நல்ல பையன்’ என்று கன்னடத்திலும் தமிழிலும் முதுகைத் தட்டினார். வளர்ந்துவரும் வீரர்களுக்கு ஜெயிப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் முதல் சுற்றிலேயே விழுந்துவிட்டால் டிக்கெட் வாங்கியவர்கள் நாற்காலியை உடைப்பார்கள். விழாமல் நின்று ஜெயித்துவிட்டாலோ முதலாளி முதலீடு செய்த வீரன் உடைந்துபோவான். விழவும் கூடாது, ஜெயிக்கவும் கூடாது என்கிற அபூர்வமான இடைவெளியில் மாதேஷ் பதினொரு வருடம் பிழைத்தார்.

இதில் சூது எதுவும் இல்லை. யாரும் அவரைத் தோற்கச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எதிராளி மூன்று மாதம் தயாராகியிருப்பான். மாதேஷுக்குச் செவ்வாய்க்கிழமை போன் வரும், சனிக்கிழமை சண்டை. ஹூப்ளி, மும்பை, பாங்காக், கொழும்பு என்று ஊர் ஊராகப் போய்ப் புள்ளிக் கணக்கில் கண்ணியமாகத் தோற்றுவிட்டு வருவார். நான்கு முறை மட்டும் தவறிப்போய் ஜெயித்தார். ஒருவனுக்குத் தோள்பட்டை கழன்றது, ஒருவன் தலையால் முட்டியதற்காக நடுவர் அவனை வெளியே அனுப்பினார், மற்ற இரண்டும் எப்படி நடந்தன என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் மாதக்கணக்கில் போன் வராது. வெற்றியைக் கண்டு இந்த அளவுக்குப் பயந்த விளையாட்டு வீரர் மாவட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

கடைசிச் சண்டைக்கு மறுநாள் ஓசூரில் பேருந்து ஏறி, தருமபுரி வந்துவிட்டது என்று நினைத்துக் கிருஷ்ணகிரியில் இறங்கினார். வெளியே வந்து பார்த்தார். எந்தத் தெருவும் தெரிந்த தெருவாக இல்லை. யாரிடமும் கேட்கத் தோன்றாமல், ஏதாவது ஒன்று தெரிந்ததாக மாறும் என்று பேருந்து நிலையத்திலேயே மாலைவரை உட்கார்ந்திருந்தார். மனைவி சுகுணா போனில் விசாரித்து வந்து கூட்டிப்போனாள். இந்தக் கதை அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தபோது போனை எடுத்தவள் சுகுணா. அவர் ரிடையர் ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டு, குழம்புக்குப் புளி கரைக்கப் போனாள். மாதேஷின் ஓய்வு உலகுக்கு அறிவிக்கப்பட்டது அவ்வாறுதான்.

அதன்பிறகு அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரம் பழைய டயர் வியாபாரம் செய்யும் நதீமிடம் லோடு ஆட்டோ ஓட்டினார். டயர் குடோனின் பின்பாதி சும்மா கிடந்தது. நதீமுக்குக் குத்துச்சண்டை பிடிக்கும், குறிப்பாக மற்றவர்கள் செய்தால். இடம் கொடுத்தார். மாலை வேளையில் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள்.

வந்தவர்கள் அடிக்கக் கற்க வந்தார்கள். மாதேஷோ முதல் மூன்று மாதம் அடி வாங்காமல் இருக்க மட்டுமே சொல்லிக்கொடுத்தார். கையைத் தூக்கு, தாடையை மடக்கு, நகரு, மறுபடி நகரு. அடிக்காத குத்துச்சண்டைக்கு எதற்கு ஃபீஸ் என்று பெற்றோர்கள் நியாயமாகவே கேட்டார்கள். அவருடைய பழைய சண்டைகளை யூடியூபில் பார்த்துவிட்டு வந்த ஒரு தகப்பன், அடி வாங்காமல் இருப்பதைப் பற்றி இவரிடமா படிப்பது என்று நதீமிடம் தனியாகக் கேட்டுப்போனார். கேள்வி நியாயமானது என்று மாதேஷே ஒப்புக்கொண்டார்.

அவர் சொன்னதில் எதையும் கேட்காமலே நன்றாகச் சண்டை போட்டவள் கவிப்பிரியா. ஒகேனக்கல்காரி. அப்பா பரிசல் ஓட்டுகிறவர், அம்மா குள்ளம்மாள், அருவிக்குப் போகும் வழியில் மீன் வறுத்து விற்கிறவர். சிறு வயதிலிருந்து துடுப்புப் போட்ட தோள்கள். தருமபுரியில் கல்லூரி முடிந்ததும் டவுன் பஸ்ஸில் குடோனுக்கு வந்து, தொங்கும் மணல் மூட்டையை நாலு சாத்து சாத்திவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். தாடையை மடக்கச் சொன்னால், எதிரி அங்கே அடிக்கிற அளவுக்கு நின்றால்தானே என்பாள். பெரும்பாலும் நிற்கவில்லை.

இந்த நிலையில்தான் மாவட்டத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்றுநர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. மாதச் சம்பளம், நல்ல ஹால், உண்மையான ரிங். மாதேஷிடம் எல்லாத் தகுதியும் இருந்தது, ஒன்றைத் தவிர: விண்ணப்பிக்கிறவர் பயிற்சி கொடுத்த ஒருவராவது மாநில அளவில் பதக்கம் வாங்கியிருக்க வேண்டும். மாத முடிவில் விண்ணப்பம் முடிகிறது. அதற்குள் இருந்த போட்டி ஒன்றே ஒன்றுதான். குத்துச்சண்டையில் அரையிறுதிக்குப் போனாலே வெண்கலம் நிச்சயம் என்பதால், கவிப்பிரியா காலிறுதியை ஜெயித்தால் போதும். வீடு இத்தனை வருடமாக ஜவுளிக்கடை பில்லிங்கில் நின்ற சுகுணாவின் கால்களில்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த வேலை கிடைத்தால் நான் ஒரு வருசம் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள்.

மாநிலப் போட்டியை அந்த வருடம் தருமபுரி நடத்தியது. இடம், அதியமான்கோட்டை பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபம். மணவறை இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் ரிங் போட்டிருந்தார்கள். முந்தின முகூர்த்தத்து வாழை மரங்களை அவிழ்க்க யாருக்கும் நேரமில்லை. நடுவர்கள் பந்தியில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுவிட்டு வந்து தீர்ப்பு வழங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கவிப்பிரியாவின் காலிறுதி. எதிரில் சென்னையிலிருந்து வந்த பெண். குள்ளம்மாள் கடையை அடைத்துவிட்டு வந்து முதல் வரிசையில் இருந்தார். சுகுணா அரை நாள் லீவு. மூலையில் மாதேஷுக்குத் துணையாக, தோளில் பச்சைத் துண்டோடு நதீம்.

முதல் சுற்று கவிப்பிரியாவுக்கு. இரண்டாவதும் அவளுக்கே. மதிப்பெண்ணைத் திரையில் காட்டியபோது மண்டபமே எழுந்து நின்றது. அதற்குச் சற்று முன்னால், அந்தச் சுற்று முடிகிற நேரத்தில், இருவரும் ஒரே சமயத்தில் உள்ளே பாய்ந்ததில் தலையும் தலையும் மோதிக்கொண்டன. நடுவர் இருவரையும் எச்சரித்தார். மணி அடித்தது. கவிப்பிரியா தன் மூலைக்கு ஒழுங்காகத்தான் நடந்து வந்தாள்.

மூலையில் உட்காருகிறவர்களிடம் மாதேஷ் எப்போதும் சண்டையைப் பற்றிக் கேட்பதில்லை. என்ன நாள், எந்த ஊர் போன்ற கேள்விகளுக்கு விடையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு டாக்டர்களை ஏமாற்றலாம் என்பது அவருக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். அதனால் ஒவ்வொருவரையும் பேச்சிலேயே அவரவர் வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஏற்றிவிட்டு, வழியில் வருகிற ஊர்களை வரிசையாகச் சொல்லச் சொல்வார். ஒரு நாள் போகிற வழி, ஒரு நாள் வருகிற வழி.

“ஒகேனக்கல்ல ஏறிட்ட. சொல்லு.”

“மடம்” என்றாள்.

“அப்புறம்?”

“இண்டூர்.”

“அதுக்கு முன்னால?”

கொஞ்சம் யோசித்தாள். “மடம்” என்றாள் மறுபடியும்.

மடத்துக்கும் இண்டூருக்கும் நடுவில் வருகிற பென்னாகரம் சின்ன ஊர் இல்லை. அந்தப் பேருந்தில் பாதிப் பேர் இறங்குகிற இடம். அவள் பள்ளிக்கூடம் படித்த ஊர். நதீம் குனிந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டே, “பைபாஸ்ல போயிருக்கும்ணா” என்றார். கவிப்பிரியா சிரித்தாள்.

“என்ன சார், இப்பப் போயி பஸ்ஸு, டிக்கெட்டுன்னு? இன்னும் மூணு நிமிசம். நின்னாலே போதும்.”

அதுவும் உண்மைதான். நின்றாலே போதும். நிற்பதைப் பற்றி அவரைவிட அறிந்தவர் அந்த மண்டபத்தில் இல்லை.

மணி அடித்தது. அவள் எழுந்து போனாள். மாதேஷ் உடனே எதுவும் செய்யவில்லை. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. சுற்றின் முதல் சில விநாடிகள் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கவிப்பிரியா நன்றாகவே நகர்ந்தாள். ஒரு நல்ல குத்துகூட விட்டாள். பிறகு அவர் நதீமின் தோளிலிருந்த துண்டை உருவி ரிங்குக்குள் வீசினார்.

சண்டையை விட்டுக்கொடுக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கிற மூலையிலிருந்து அந்த அடையாளம் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே நாலைந்து பேர் உற்சாகத்தில் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று தவறி வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்த நடுவர், பச்சைத் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சண்டையைத் தொடரச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. மாதேஷ் கயிற்றைப் பிடித்து ஏறி உள்ளே போய், இரு பெண்களுக்கும் நடுவில் நின்றார். தன் வாழ்நாளில் ரிங்குக்குள் அவர் ஒரு சண்டையை முடித்துவைத்தது அப்போதுதான்.

குள்ளம்மாள் நேராக வந்தார். “செயிக்கிற புள்ளயக் கையப் புடிச்சு இழுத்துட்டீங்களே சார். வேற யாராச்சும் செஞ்சிருந்தா, காசு வாங்கிட்டாங்கன்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கு எவங் குடுக்கப் போறான்?” என்றார்.

கவிப்பிரியா தலைக்கவசத்தைக் கழற்றி மாதேஷின் காலடியில் வைத்துவிட்டு அம்மாவோடு நின்றாள். போட்டி டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறாள், வாந்தி எடுத்தால் ஸ்கேன் பாருங்கள் என்றார். வாந்தி எடுக்கவில்லை. மாதேஷ் வற்புறுத்தியதால் ஸ்கேனும் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் தலைவலி இருந்தது. அழுதால் தலை வலிக்காதா என்று குள்ளம்மாள் கேட்டார். மாதேஷ் செய்தது சரி என்பதற்கு இன்றுவரை ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை. அவரும் தேடவில்லை.

அன்று மண்டபத்துக்கு வெளியே லோடு ஆட்டோவில் ஏறும்போது சுகுணா கேட்டாள்.

“அந்த வேலை போச்சுங்களா?”

“போச்சு.”

“புள்ளைக்கு எந்த ஊரு மறந்துச்சு?”

“பென்னாகரம்.”

சுகுணா சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். “செரி, வண்டிய எடுங்க. கடைக்கு வாரேன்னு சொல்லிட்டேன்” என்றாள்.

பயிற்றுநர் வேலை பதக்கம் வாங்கித் தந்த வேறொருவருக்குப் போனது. கவிப்பிரியா ஒரு மாதம் வரவில்லை. பிறகு ஓசூரில் வேறு கோச்சிடம் சேர்ந்து, மறு வருடம் வெள்ளி வாங்கினாள். அந்தச் சண்டைகளைப் பார்த்தவர்கள், அவள் தாடையை நன்றாக மடக்கிக்கொண்டு சண்டை போடுகிறாள் என்றும் அந்த ஓசூர் கோச் கெட்டிக்காரர் என்றும் நதீமிடம் சொன்னார்கள். நதீம் அதை மாதேஷிடம் சொன்னார். மாதேஷ், அவர் கெட்டிக்காரர்தான் என்றார்.

டயர் குடோனில் மாலை வேளையில் இப்போதும் பிள்ளைகள் வருகிறார்கள், முன்பைவிடக் குறைவு. சான்றிதழ் குடோன் சுவரில் தொங்குகிறது. அதில் பயிற்றுநராக அவருடைய சாதனைகள் என்ற இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் எழுதுவதற்கு உள்ளது இவ்வளவுதான்: அதியமான்கோட்டை மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு சுற்று ஜெயித்திருந்த பெண்ணை மூன்றாம் சுற்றில் ரிங்கிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தார்.