லோடு இல்லாமல் கார் நகராது

எங்கள் வீட்டுக்குக் கார் வந்ததே அண்ணனுக்குப் பெண் கிடைக்கத்தான். அப்போது அவனுக்கு முப்பத்து மூன்று வயது. திருப்பூர்ப் பக்கம் அந்த வயதில் கல்யாணம் ஆகாத பையன்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பெண்களோ படித்து, வேலைக்குப் போய், "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே யோசிக்கிறார்கள். ஜாதகத்தோடு போன தரகர் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியோடு திரும்பி வந்தார்: "கார் இருக்குதுங்களான்னு கேக்கறாங்க." மூன்றாவது முறை கேட்டதும் அப்பா போய் ஒரு வெள்ளைக் காரை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார்.

அதற்கப்புறம் பெட்ரோல் விலை ஏறியது. நிறுத்தின கார் நின்ற இடத்திலேயே நின்றது.

அப்பாவுக்குச் சின்ன பனியன் கம்பெனி, பதினைந்து தையல் மிஷின். ஏற்றுமதியில் கழித்துக்கட்டின துணியை ஓவர்லாக் அடித்து காருக்கு உறை தைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் யானைக்கு டி-ஷர்ட் போட்டு உட்கார வைத்த மாதிரி இருக்கும். வாரத்துக்கு ஒருநாள் உறையைக் கழற்றி ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் உறும விட்டு, அணைத்துவிடுவார். பேட்டரிக்கு நல்லதாம்.

அப்புறம் பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் சட்டங்கள் வந்தன. அம்மா தினமும் வாங்கின கீரை வாரம் ஒருமுறை வாங்கும் முட்டைக்கோஸாக மாறியது. என் ஸ்கூட்டர் சாவி அப்பா சட்டைப் பைக்குப் போனது. நான் தோழியின் பின்சீட்டுக்குப் போனேன். காரில் ஏசி கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் புழுதியோடு போக வேண்டும். சொந்தக்காரர் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கண்ணாடியை ஏற்றி, குளுகுளுவென்று இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பெருமாநல்லூர் ரோட்டில் எங்களுக்குச் சொந்தம் அதிகம். அந்தப் பக்கம் போனால் அவிந்தே போய்விடுவோம்.

எல்லாவற்றுக்கும் மேலே பெரிய சட்டம் ஒன்று இருந்தது. லோடு இல்லாமல் வண்டி நகரக் கூடாது. கம்பெனி டெம்போவுக்குப் போட்ட சட்டத்தை அப்படியே வீட்டுக்காருக்கும் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டிக்கியில் ஒரு மூட்டை நூல் இருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் அண்ணனுக்கு ஒரு வரன் கூடி வந்தது. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வீடு. பெண் பேங்கில் வேலை பார்த்தாள். ஜாதகம் பொருந்தி, போனில் ரெண்டு மாதம் பேசி, அவளே சரி என்று சொல்லியிருந்தாள். மிச்சம் இருந்தது உப்புச் சக்கரை மாற்றுவது மட்டும்தான். மாப்பிள்ளை வீட்டார் உப்பும் சக்கரையும் சேலையும் கொண்டுபோய்ப் பெண் வீட்டில் வைத்து மாற்றினால் பேச்சு உறுதி. அதற்கப்புறம் யாரும் பின்வாங்க மாட்டார்கள். அண்ணன் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. ஏற்கெனவே ரெண்டு வரன் இந்தக் கட்டம் வரைக்கும் வந்து கைவிட்டுப் போயிருந்தது.

"வேன் சொல்லீரலாமுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"எதுக்கு வேனு? நெருங்குன ஆளுக மட்டும் போனாப் போதும்."

நெருங்கின ஆள் என்றால் காரில் நெருக்கி உட்காரக்கூடிய ஆள் என்று அர்த்தம். அப்பா, அம்மா, நான், மாமா. டிரைவர் வைத்தால் ஒரு சீட் போய்விடும் என்பதால் மாப்பிள்ளையே பட்டு வேட்டியோடு வண்டி ஓட்டினான்.

டிக்கியில் நாலு பை. எல்லாம் அம்மா மிச்சத் துணியில் தைத்த ஒரே மாதிரி நீலப் பைகள். ரெண்டில் உப்பு, சக்கரை, பட்டுச் சேலை, தேங்காய் பழம். ரெண்டில் டி-ஷர்ட். காலர் வைப்பதற்காகப் பல்லடத்தில் ஒரு அக்காவின் யூனிட்டில் இறக்க வேண்டியவை.

"மச்சே, பையன் நிச்சயத்துக்குப் போறமா, டெலிவரிக்குப் போறமா?" என்றார் மாமா.

"போற வழிதான? காலியாவா போறது?"

பல்லடத்தில் இறங்கி பைகளைக் கொடுத்தது நான். போனில் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கைக்கு வந்த ரெண்டை எடுத்துக் கொடுத்தேன். இதை இன்றைக்கு வரைக்கும் அப்பாவிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

பெண் வீட்டில் பந்தி மாதிரி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். தட்டுகள் தயார். பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா பையை அவிழ்த்துத் தட்டில் சாய்த்தாள். காலர் இல்லாத டி-ஷர்ட்டுகள் சரிந்து விழுந்தன. அடுத்த பையிலும் அதேதான்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன் அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார். பல்லடத்து அக்கா குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏனுங்ண்ணா, பட்டுச் சேலைக்குமா காலர் வெக்கோணும்?"

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. கையில் கட்டின வாட்சைப் பார்த்தார். "நல்ல நேரம் முடிய இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்குதுங்க. போய் எடுத்துட்டு வந்தர்றீங்களா?"

சாதாரணக் கேள்வி. எந்த அப்பனும் "இதா வந்தர்றனுங்க" என்று எழுந்து ஓடியிருப்பான். எங்கள் அப்பா யோசித்தார். வாசலில் நின்ற காரைப் பார்த்தார். அந்தப் பார்வை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பல்லடம் போக எவ்வளவு, வர எவ்வளவு என்று பெட்ரோலை மனசுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். "போறப்ப எதாச்சும் லோடு..." என்று வாயைத் திறந்தார். மாமா அவர் தொடையைக் கிள்ளினார்.

பெண்ணின் அம்மா முகம் மாறிவிட்டது. பெண் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவும் போச்சு என்று நினைத்தேன். அண்ணனைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவன் எழுந்தான். இத்தனை வருடத்தில் அப்பா பேசி முடிப்பதற்கு முன்னால் அவன் எழுந்து நான் பார்த்ததில்லை. அப்பா முன்னால் கிடந்த சாவியை எடுத்தான்.

"நான் போய்ட்டு வர்றனுங்க."

"காலியாவாடா போற?" என்றார் அப்பா, பழக்கதோஷத்தில்.

"காலியாத்தானுங்க போறன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். பெண் அவன் பின்னாலேயே போனாள்.

"எங்கீங்க போறீங்க?"

"பல்லடத்துக்குங்க. உப்புச் சக்கரை எடுத்துட்டு வர."

"உப்புக்கும் சக்கரைக்கும் பல்லடத்துக்குப் போவாங்களா? எதுத்தாப்பல மளிகைக்கடை இருக்குதுங்க. நடந்தே போலாம்."

"சேலை?"

"சேலைக்குக் காலர் வெச்சதும் வாங்கிக்கறனுங்க."

கூடத்தில் முதலில் சிரித்தது அவள் அப்பாதான். அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. அண்ணன் நடந்துபோய் ஒரு கிலோ உப்பும் ஒரு கிலோ சக்கரையும் வாங்கி வந்தான். நல்ல நேரத்துக்குள் தட்டு மாறியது. அம்மா அழுதாள். அப்பா எல்லாருக்கும் வணக்கம் வைத்துவிட்டு, சிந்தின டி-ஷர்ட்டுகளை எண்ணிப் பையில் போட்டார்.

கிளம்பும்போது சம்பந்தி டிக்கி நிறையத் தேங்காய் ஏற்றிவிட்டார். டிக்கி போதாமல் மாமா மடியில் ஒரு மூட்டை, அப்பா மடியில் ஒரு மூட்டை.

"ரிட்டன் லோடு கெடச்சிருச்சல்லொ மச்சே," என்றார் மாமா. அப்பா மறுக்கவில்லை. அவர் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாகச் சந்தோஷம் தெரிந்தது.

உடுமலையில் அண்ணன் பெட்ரோல் பங்குக்குள் வண்டியைத் திருப்பினான். "டேங்க் ஃபுல் பண்ணுங்க," என்றான். அப்பா தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது திருப்பிக்கொள்வாரே, அதே மாதிரி. பெட்ரோல் போடும்போது பெண்ணிடமிருந்து போன் வந்தது; அண்ணன் இறங்கிப்போய்ப் பேசிவிட்டு வந்து, கண்ணாடிகளை ஏற்றி ஏசியையும் போட்டான்.

"அந்தப் புள்ள போன்ல என்னடா சொல்லுச்சு?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா யோசிச்சப்பவே வேண்டாம்னு சொல்லீரலாம்னு நெனச்சுச்சாம். நான் சாவிய எடுத்ததுனால சொல்லலியாம்."

அப்பாவுக்குக் கேட்டிருக்காது. தேங்காய் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்தக் காரில் வாழ்க்கையில் முதன்முறையாகக் குளிரில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பல்லடம் நெருங்கும்போது தானாகவே முழித்தார். கண்ணாடியைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார்.

"சாமி, ஏசிய ஆஃப் பண்ணிரு," என்றார் அண்ணனிடம். "கண்ணாடி அப்படியே இருக்கட்டும். சம்பந்தி வழியில இனிப் பல்லடத்துலயும் நமக்குச் சொந்தக்காரங்க இருக்கறாங்க."

அண்ணன் ஏசியை இன்னொரு புள்ளி கூட்டிவைத்தான்.